விரலுக்கேத்த வீக்கம்... வண்டிக்கேத்த கிளட்ச்!



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டதும் இரண்டு நாள் மண்டையைக் குடைந்து கொண்டிருந்தேன். நட்பைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. அம்மாவைப் பற்றிக் கவிதை எழுத எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். கணிப்பொறித் துறை நண்பர்கள் எப்படியும் ரோபோவைப் பற்றி எழுதி விடுவார்கள். நம் கையில் இருப்பதோ கிரீஸ்! அதனால் நான் கிளட்ச் பிளேட்டைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் மாதத் தவணை ஒரு கிளட்ச் பிளேட்டை நம்பி நிற்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

கங்கைகொண்டானில் என் மாமா ஒரு டீசல் பிக்கப் வைத்து ஓட்டுகிறார். பழைய வண்டி, பைனான்ஸில் வாங்கியது. ஹாலோ பிளாக், ஜல்லி, சிமெண்ட் மூட்டை, சிப்காட் பக்கம் கட்டட வேலை நடந்தால் கம்பி, அறுப்புக் காலத்தில் வைக்கோல்... எது கிடைத்தாலும் ஏற்றுவார். இந்தத் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. வாடகை எடைக்கு இல்லை, நடைக்கு! ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேசி விட்டால், சரக்குக்காரர் எவ்வளவு ஏற்றச் சொல்கிறாரோ அவ்வளவும் ஏற்ற வேண்டும். ‘முடியாது’ என்றால் அடுத்த வண்டி வாசலில் நிற்கும்.

அதனால் மாமா வண்டியை ‘ரெடி’ பண்ணினார். பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தார். பாடியை உயர்த்தினார். பெரிய டயர் மாட்டினார். கடைசியாகப் பம்பில் டீசலையும் ஏற்றி விட்டார்கள். வண்டி கறும்புகை தள்ளிக்கொண்டு சிங்கம் மாதிரி போனது. மாமாவுக்கு ஒரே பெருமை!

பெருமை நாலு மாதம்தான் இருந்தது. ஒரு நாள் பாரத்தோடு நான்குவழிச் சாலையில் ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கருகின வாடை. கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தால் பிளேட் கரிக்கட்டை. புது பிளேட் போட்டார்கள், அதுவும் போயிற்று. ஒரே வருடத்தில் மூன்று முறை! ஒவ்வொரு முறையும் செட்டுக்கு, கூலிக்கு, ஓட்டமில்லாத நாளுக்கு என்று பதினோராயிரம் ரூபாய் பக்கம் கை விட்டுப் போனது. மூன்றாவது தடவை அத்தையின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

அப்போதுதான் மெக்கானிக் சொன்னார்: “அண்ணாச்சி, இந்த வண்டிக்கு இனி சாதா பிளேட் நிக்காது. செராமிக் போட்டுருவோம். பிரஷர் பிளேட்டும் ஹெவி டூட்டியா போட்டுருவோம். பொறவு மலையைக் கட்டி இழுத்தாலும் இழுக்கும்.”

மாமா என் பக்கம் திரும்பினார். “ஏல மருமவனே, நீ மெக்கானிக்கல்தானல படிக்கே? நீ சொல்லு. செராமிக் போடட்டா, வேண்டாமா?”

நான் முழித்தேன். சிங்கிள் பிளேட் கிளட்ச் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால் பத்துக்குப் பத்து வாங்குவேன். கண்ணை மூடிக்கொண்டு டயாஃபிரம் ஸ்பிரிங் வரைவேன். ஆனால் ‘இந்த வண்டிக்கு எந்தக் கிளட்ச்?’ என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. “கொஞ்சம் டைம் குடுங்க மாமா” என்று மட்டும் சொன்னேன். அன்று பட்ட வெட்கம்தான் இந்தக் கட்டுரை.

கணக்கு என்ன சொல்கிறது?

நாம் படித்த சூத்திரம்தான். கிளட்ச் தாங்கும் முறுக்குவிசையைக் கண்டுபிடிக்க நான்கு எண்களைப் பெருக்க வேண்டும்: உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் பக்கங்களின் எண்ணிக்கை. அவ்வளவே!

பொருத்துவதற்கு என்று வாங்கி வைத்திருந்த சாதா செட்டை நான் கல்லூரிக்குத் தூக்கி வந்தேன். வெர்னியரில் அளந்தோம். பிளேட்டின் வெளி விட்டம் 240 மில்லிமீட்டர், உள் விட்டம் 160. ஆக சராசரி ஆரம் 100 மில்லிமீட்டர், அதாவது 0.1 மீட்டர். சாரிடம் கெஞ்சி, ஸ்ட்ரெங்த் லேபில் யு.டி.எம். மெஷினில் பிரஷர் பிளேட்டை வைத்து, பிளேட் கனத்துக்கு வரும் வரை அழுத்திப் பார்த்தோம். 5,500 நியூட்டன் காட்டியது. ஏறத்தாழ 560 கிலோ எடை! சாதா ஆர்கானிக் பட்டைக்கு உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக் கொள்வோம். உராயும் பக்கம் இரண்டு.

2 × 0.3 × 5,500 × 0.1 = 330 நியூட்டன் மீட்டர்.

இந்த வகை 2.5 லிட்டர் பிக்கப் எஞ்சின் கொடுப்பது சுமார் 200 நியூட்டன் மீட்டர். பம்பை ஏற்றியதில் கால் பங்கு கூடியது என்றே வைத்தாலும் 250தான். 330 தாங்குகிற கிளட்ச் 250க்கு ஏன் வழுக்க வேண்டும்? இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பிளேட் பலம் இல்லாமல் சாகவில்லை. சூட்டில் சாகிறது!

சூடு எங்கிருந்து வருகிறது?

வண்டி நிற்கிறது, எஞ்சின் சுற்றுகிறது. இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டு வரும் வரை பிளேட் உராய்கிறது. சமதரையில் எஞ்சின் வேகம் குறையாமல் வண்டியை எடுத்தால், வண்டி எவ்வளவு இயக்க ஆற்றல் பெறுகிறதோ அதே அளவு ஆற்றல் கிளட்சில் சூடாக எரிகிறது. ஏற்றம் என்றால் இன்னும் கூடும்.

மாமாவின் ஆர்.சி. புத்தகத்தில் பாரத்தோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை 3,000 கிலோவுக்குள்தான். எஞ்சின் 1,500 சுற்றில் இருக்க, முதல் கியரில் எடுத்தால் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும்போது வண்டி மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கிளட்சில் எரிவது சுமார் 14,000 ஜூல்.

அதே வண்டியை இரண்டாவது கியரில் எடுத்தால்? நம் ஊரில் பாதி டிரைவர்கள் அப்படித்தானே எடுக்கிறார்கள்! “ஃபர்ஸ்ட் கியர் எதுக்கு, சும்மா ரெண்டுல எடுல!” என்பார்கள். பிடிக்கும்போது வேகம் 20 கிலோமீட்டர். எரிவது 45,000 ஜூல்.

அடுத்து பாரம். ஒரு நாள் மாமாவோடு எடை மேடைக்குப் போனேன். ரசீதில் 4,480 கிலோ! 4,500 என்று வைத்துக் கொண்டால் எரிவது 68,000 ஜூல். பெரிய டயரில் சக்கரத்தின் ஆரம் 35 சென்டிமீட்டரிலிருந்து 37.5 ஆகி விட்டது. அதையும் சேர்த்தால் 78,000 ஜூல். கம்பெனி நினைத்தது 14,000. நாம் எரிப்பது அதைப் போல ஐந்தரை மடங்கு. ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும்!

இப்படிச் சூடேறினால் ஆர்கானிக் பட்டையின் பிடிமானம் குறையும். உராய்வுக் கெழு 0.3 என்பது 0.2 ஆகி விட்டால், மேலே உள்ள கணக்கில் 330 என்பது 220 ஆகி விடும். எஞ்சின் தருவதோ 250. வழுக்க ஆரம்பிக்கும். வழுக்கினால் இன்னும் சூடு, சூடு ஏறினால் இன்னும் வழுக்கல். டயாஃபிரம் ஸ்பிரிங்கும் சூட்டில் தளர்ந்து போகும். அப்புறம் கருகின வாடைதான்.

எந்தக் கிளட்ச் போடலாம்?

கிளட்சைப் பலப்படுத்த நான்கு வழிகள் உண்டு. சூத்திரத்திலும் நான்கு எண்கள்தானே! எந்த எண்ணைக் கூட்டுகிறோம், அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள்.

முதல் வழி, ஆரத்தைக் கூட்டுவது. பெரிய விட்டமுள்ள பிளேட். இதுதான் உத்தமம். பெடல் கனக்காது, சூட்டைத் தாங்கப் பரப்பும் கூடும். ஆனால் ஃபிளைவீலும் ஹவுசிங்கும் இடம் கொடுக்க வேண்டும். அதே எஞ்சின் குடும்பத்தில் பெரிய கிளட்ச் உள்ள மாடல் இருந்தால் அதன் செட் பொருந்துகிறதா என்று அளந்து பார்க்கலாம்.

இரண்டாவது, அழுத்தும் விசையைக் கூட்டுவது. 30 சதவீதம் பலமான பிரஷர் பிளேட் போட்டால் அதே ஆர்கானிக் பட்டையே 429 நியூட்டன் மீட்டர் தாங்கும். ஆனால் பெடலும் அந்த அளவுக்குக் கனக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மிதிக்கிறோம்? இடது முழங்கால் பேசும்! ரிலீஸ் பேரிங்குக்கும் கிராங்கின் திரஸ்ட் வாஷருக்கும் கூட அந்தப் பாரம்தான் போகும்.

மூன்றாவது, உராய்வுக் கெழுவைக் கூட்டுவது. இதுதான் செராமிக் பட்டன். மெக்கானிக் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. செராமிக் சூட்டைத் தாங்கும், கெழுவும் 0.4 பக்கம் இருக்கும். ஆனால் அதற்கு நயம் தெரியாது. ‘டக்’ என்று பிடிக்கும். அரை கிளட்சில் நைஸாக நகர்த்த விடாது, வண்டி உதறும். ஃபிளைவீல் முகத்தையும் தின்னும். செராமிக் பட்டனுக்குத் தகுந்த இடம் டிராக்டர். வயலில் தொழி அடிக்கிற டிராக்டர் வண்ணார்பேட்டை சிக்னலில் நின்று நின்று நகர வேண்டியதில்லையே!

நான்காவது, உராயும் பக்கங்களைக் கூட்டுவது. இரண்டு பிளேட் போட்டால் இரண்டு பக்கம் நான்காகும். பெரிய லாரிகளுக்குச் சரி. நம் பிக்கப்புக்குள் அதற்கு இடமும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை.

இன்னொன்று. புது டீசல் வண்டிகள் சிலவற்றில் இரட்டை ஃபிளைவீல் வருகிறது. எஞ்சினின் அதிர்வை அதுவே விழுங்கிக் கொள்ளும். ‘செலவு மிச்சம்’ என்று அதைக் கழற்றி விட்டுச் சாதா ஃபிளைவீல் மாட்டுகிறவர்கள் கவனிக்கவும். அந்த அதிர்வு எங்கும் போகாது, கியர் பாக்ஸுக்குத்தான் போகும்.

கிளட்ச் ஒரு ஃபியூஸ்!

மெக்கானிக் சொன்ன மாதிரி செராமிக் பிளேட், ஹெவி டூட்டி பிரஷர் பிளேட் இரண்டையும் போட்டால் கணக்கு என்ன? 2 × 0.4 × 7,150 × 0.1 = 572 நியூட்டன் மீட்டர். எஞ்சின் தருவதோ 250. மிச்சம் 322 எதை இழுக்கும்? ஒன்றையும் இழுக்காது! கிளட்ச் சக்தியை உண்டாக்குகிற சாமான் இல்லை, எஞ்சின் தருவதைக் கடத்துகிற சாமான். பெரிய குழாய் போட்டால் கிணற்றில் தண்ணீர் ஊறுமா?

அந்த மிச்சம் வேலை செய்வது ஒரே ஒரு நேரத்தில்தான். டிரைவர் பெடலில் இருந்து காலைப் படக்கென்று எடுக்கும்போது! சுற்றிக்கொண்டிருக்கும் ஃபிளைவீலின் முழு வேகமும் கிளட்ச் வழியாகப் பின்னால் பாயும். முன்பு அந்த அடி 330ஐத் தாண்டினால் பிளேட் வழுக்கி விட்டுக் கொடுக்கும். முதல் கியரில் அது நாலு மடங்காகி, பின்னால் போகும் ஷாஃப்டுக்கு அதிகபட்சம் 1,320 போகும். செராமிக் போட்ட பிறகு 2,288 வரை போகலாம். ஜாயிண்டும் கிரவுன் பினியனும் ஆக்ஸில் ஷாஃப்டும் பழையதுதானே? அதை யார் மாற்றினார்கள்?

வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கட்டைக் கம்பியை வைத்துக் கட்டினால் ஃபியூஸ் போகாதுதான். வயர் எரியும். கிளட்ச் பிளேட்டும் வண்டியின் ஃபியூஸ்தான் நண்பர்களே. பிளேட் போனால் ஆயிரங்களில் முடியும். பாரத்தோடு ஏறும்போது, செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு ஏற்றத்தில், ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்தால் வண்டி பின்னால் உருளும். பின்னால் வருவது யாரோ?

‘போனில் பார்க்கிறோமே, அமெரிக்காவில் பிக்கப்புக்கு எப்படியெல்லாம் கிளட்ச் போடுகிறார்கள்!’ என்று நம் வகுப்பிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. அங்கே டாட்ஜ் பிக்கப்பில் 1989 மாடலிலிருந்து 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் வந்தது. ஆரம்பத்திலேயே அது 160 குதிரைத்திறன், சுமார் 540 நியூட்டன் மீட்டர். அதே எஞ்சின் குடும்பம் நம் நாட்டுக்கு வந்தபோது பிக்கப்பில் வரவில்லை. ஜாம்ஷெட்பூரில் 1993இல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் மூலம் லாரியில் வந்தது! அவர்கள் அந்த லாரி எஞ்சினை இன்னும் முறுக்கி, இரண்டு மடங்கு சக்தி எடுக்கிறார்கள். அதற்குத் தகுந்த கிளட்ச் அவர்களுக்கு உண்மையிலேயே தேவை. அதற்கென்று கியர் பாக்ஸின் ஷாஃப்டைக் கூட மாற்றுகிறார்கள். அங்கே தேவை, இங்கே ஆசை! விரலுக்கேத்த வீக்கம் வேண்டாமா?

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்படி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. தேய்ந்த பிளேட்டுக்குப் பதில் அதே அளவில் புது பிளேட் போடுவது குற்றமில்லை. ஆனால் மாமா வண்டியின் பம்பும் பாடியும் பாரமும்? அவரை நிறுத்தி எடை போட்டால் ஒரு மாதத் தவணை ரோட்டிலேயே போய் விடும்.

மாமா என்ன செய்தார்?

நான் கணக்கைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய்ச் சொன்னேன். “மாமா, செராமிக் வேண்டாம். கம்பெனி அளவுள்ள ஆர்கானிக் செட்டே போடுங்க. ஃபிளைவீலை லேத்துல குடுத்து முகத்தைச் சீர் பண்ணுவோம். பம்பைப் பழையபடி வைங்க. பழைய டயர் சைஸ் போடுங்க. ஃபர்ஸ்ட் கியர்லயே எடுங்க. பாரத்தைக் குறைங்க.”

எல்லாவற்றையும் கேட்டு விட்டு மாமா கேட்டார்: “எல்லாம் சரிதாம்ல. பாரத்தைக் குறைச்சா ரெண்டு நடை அடிக்கணும். ரெண்டாவது நடைக்கு டீசல் ஒங்க காலேஜ்ல தருவாவளா?”

நண்பர்களே, இந்தக் கேள்விக்கு எந்த சூத்திரத்திலும் விடை இல்லை. வருடத்துக்கு மூன்று கிளட்ச் என்றால் 33,000 ரூபாய், மாதத்துக்கு 2,750. எல்லாச் சரக்கையும் இரண்டு நடையாக அடித்தால் டீசல் செலவு அதைத் தாண்டி விடும். நான் மறைக்கவில்லை, அதையும் எழுதிக் காட்டினேன். கூடவே ஆக்ஸில் முறிந்தால் என்ன செலவு, எடை போட்டால் என்ன அபராதம் என்பதையும் எழுதினேன். மாமா ஒன்றும் பேசாமல் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார்.

இரண்டு நாள் கழித்து கியர் பாக்ஸ் இறங்கியது. நானும் போனேன். கிராங்கின் பின் ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தது. மூன்று தடவை பிளேட் மாற்றியும் யாரும் அதைக் கவனிக்கவில்லை! ஃபிளைவீலில் நீல நீலமாகச் சூடு பட்ட தழும்பு. பெடலில் ஃப்ரீ பிளே அறவே இல்லை. எல்லாவற்றையும் மெக்கானிக்கும் நானும் சேர்ந்துதான் சரி செய்தோம். கோபப்படுவார் என்று நினைத்தேன். “தம்பி, அந்தக் கணக்கை எனக்கும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க” என்றார். அவர் கைக்குத் தெரிந்தது என் நோட்டுக்குத் தெரியாது, என் நோட்டில் இருந்தது அவர் கைக்கு வந்து சேரவில்லை. தப்பு யார் மேல்?

மாமா இப்போது 3,000 கிலோவுக்குள்தான் ஏற்றுகிறார். ஒரு ஹாலோ பிளாக் வாடிக்கை கை விட்டுப் போனது உண்மை. பதிலுக்கு இரண்டு பேர் நடைக்கு வாடகை கூட்டித் தந்தார்கள். ஒன்பது மாதமாகப் பிளேட் நிற்கிறது. வளையல் இன்னும் திரும்பவில்லை. தை மாதத்துக்குள் திருப்பி விடுவோம் என்கிறார்.

என் தாழ்மையான கருத்து இதுதான். யாராவது ‘பெரிய கிளட்ச் போடவா?’ என்று கேட்டால் உடனே பிராண்டு பெயர் சொல்லாதீர்கள். ‘பழைய கிளட்ச் ஏன் செத்தது?’ என்று முதலில் கேளுங்கள். பாரம் என்ன, டயர் என்ன, எந்தக் கியரில் எடுக்கிறார், கால் பெடல் மேலேயே கிடக்கிறதா, ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால், வண்டி வேகம் கூடாமல் எஞ்சின் சுற்று மட்டும் ஏறுகிறதா என்று சோதியுங்கள். இத்தனைக்குப் பிறகும் எஞ்சின் தருவதைக் கிளட்ச் தாங்காது என்று கணக்கு சொன்னால், முதலில் ஆரத்தைக் கூட்டுங்கள், அப்புறம் ஸ்பிரிங், கடைசியாகத்தான் செராமிக். இன்னொன்று... ஹவுசிங்கைத் திறந்ததும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய பட்டைகளில் அஸ்பெஸ்டாஸ் இருந்தது. நுரையீரலுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது.

இன்னும் சில மாதங்களில் நாம் சிப்காட் கேட்டுக்கு உள்ளேயோ, ஒர்க்‌ஷாப் ஷெட்டுக்கு உள்ளேயோ நிற்போம். அங்கே யாரும் நம்மைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்ல மாட்டார்கள். ‘நீ படிச்சவன்தானே, சொல்லு’ என்றுதான் கேட்பார்கள். அப்போது முழிக்காமல் நிற்க, இப்போதே கணக்கைக் கையில் எடுப்போம். சிந்திப்போம், செயல்படுவோம்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை